யாழ்ப்பாணத்தில் விடியல் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடியற்காலைப் படங்கள் எடுக்கிறேன் என்று ஊரில் தெரிந்த நாளிலிருந்து ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. சிலர் சந்தியில் மறித்துக் கேட்பார்கள், சிலர் கலியாண வீட்டுப் பந்தியில். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே போனில் கேட்பார்கள். அவற்றை அவரவர் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். மாதப் பெயர்கள் நம் ஊர் வழக்கப்படி. தை என்றால் சனவரி.

விடிய எத்தினை மணிக்கு அங்க நிக்கவேணும்?

யாழ்ப்பாணத்தில் சூரியன் எழும் நேரம் வருடம் முழுக்க நாற்பது நிமிடம் அளவில்தான் கூடிக் குறையும். வைகாசிக் கடைசி, ஆனித் தொடக்கத்தில் ஏறக்குறைய 5.50. தைக் கடைசியில் 6.30ஐத் தாண்டும். பொங்கலன்று பானை வைக்கும் வீடுகளுக்கு இது தெரியும், அன்று 6.30 அளவில்தான் சூரியன் தெரியும்.

ஆனால் அந்த நேரத்துக்குப் போய் நின்றால் பாதி முடிந்திருக்கும். வானத்தில் நல்ல நிறம் பெரும்பாலும் சூரியன் எழுவதற்கு 25 நிமிடம் முன்னரே தொடங்கி, எழும்போது வெளிறத் தொடங்கிவிடும். ஆகவே 45 நிமிடம் முன்னதாக இடத்தில் நில்லுங்கள். பயண நேரத்தை அதற்குமேல் கூட்டுங்கள்: யாழ் நகரிலிருந்து பருத்தித்துறைக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் வைப்பது நல்லது. பெற்றோலை முதல் நாளே அடித்துவிடுங்கள்.

லண்டனில ஒரு மணித்தியாலத்துக்கு அந்த மஞ்சள் வெளிச்சம் நிக்குமே, இங்க ஏன் உடன முடிஞ்சுபோகுது?

இங்கே சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறுகிறது. நாம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே 9 பாகையும் கொஞ்சமும் உள்ள இடத்தில் இருக்கிறோம். லண்டன் 51 பாகையில் இருப்பதால் அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சரிந்துகொண்டே ஏறும். இங்கே சூரியன் 6 பாகை உயரத்துக்கு வர அரை மணித்தியாலம் கூட வேண்டாம், லண்டனில் மார்கழி மாதத்தில் அதே உயரத்துக்கு 50 நிமிடத்துக்கு மேல் வேண்டும். முழு வட்டமும் கடலை விட்டு வெளியே வர இங்கே இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான்.

அங்கே பழகியவர்கள் இங்கே வந்து தடுமாறுவது இதனால்தான். லென்ஸ் மாற்றுவதா, இந்தப் பக்கம் நிற்பதா அந்தப் பக்கமா என்று அங்கே வந்து நின்று யோசிக்க நேரம் இருக்காது. எல்லாவற்றையும் முதல் நாள் பின்னேரமே தீர்மானித்துவிட வேண்டும்.

போனில எடுக்கலாமோ, இல்லாட்டிக் கமரா வாங்கவேணுமோ?

போனிலேயே தொடங்குங்கள். சூரியன் எழுவதற்கு முன்னரான வானம், நீரேரியில் விழும் நிழல், பனைகளின் கருவடிவம் எல்லாவற்றையும் இப்போதைய போன்கள் நன்றாகவே எடுக்கின்றன. போன் தோற்கும் இடங்கள் மூன்று. சூரியனைப் பெரிதாகக் காட்டுவது, இருட்டில் அசையும் ஆட்களை எடுப்பது, படத்தைச் சுவர் அளவுக்கு அச்சடிப்பது. இந்த மூன்றும் வேண்டுமென்றால் கமராவைப் பற்றி யோசிக்கலாம். வாங்கினால் முதலில் ஒரு உறுதியான ட்ரைபொட்டுக்குக் காசு ஒதுக்குங்கள், இரண்டாவது லென்ஸ் பிறகு பார்க்கலாம்.

எங்க போறது? கசூரினாவுக்குப் போனாச் சரிதானே?

சரியில்லை. காரைநகர் கசூரினா வடக்குப் பக்கக் கடற்கரை. சூரியன் மறைவதைப் பார்க்க அங்கே போகலாம். கீரிமலையும் அப்படித்தான். கடல் இருக்கிற இடமெல்லாம் விடியலுக்கு உதவாது, கிழக்கே திறந்திருக்க வேண்டும்.

கடலில் சூரியன் எழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் வடமராட்சிக்குப் போங்கள். பருத்தித்துறை முனையில் வெளிச்ச வீட்டுப் பக்கம் வருடம் முழுக்கக் கடலில்தான் எழும். அங்கிருந்து கரை தென்கிழக்காகத் திரும்பி மணற்காடு, நாகர்கோவில், மருதங்கேணி என்று போகிறது. எனக்குப் பிடித்தது மணற்காடு. மணல் மேடுகள், சவுக்கு மரங்கள், மணலில் புதைந்து கிடக்கும் பழைய தேவாலயத்தின் இடிபாடு எல்லாம் ஒரு நடைத் தூரத்துக்குள் இருக்கின்றன. பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது மணலில் காற்று கீறிய வரிகள் எழும்பித் தெரியும். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் அதே இடம் வெறும் வெள்ளையாகக் கிடக்கும்.

கடல் வேண்டாம், தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும் என்றால் நீரேரிகள் இருக்கின்றன. தொண்டைமானாறு, ஆனையிறவு, சரசாலைப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள். பண்ணைப் பாலத்தைச் சனம் பின்னேரத்துக்கு என்றே ஒதுக்கிவிட்டது, ஆனால் மண்டைதீவுப் பக்கம் நின்று நகரத்தைத் திரும்பிப் பார்த்தால் கோட்டையும் ஊரும் விடியல் வானத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் அங்கே இறால் கூடு பார்க்கிறவர்களைத் தவிர வேறு ஆட்கள் குறைவு.

எந்த மாதம் நல்லது?

காற்றைக் கேளுங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோழகம் அடிக்கும். அது தென்மேற்கிலிருந்து வருவதால் வடமராட்சி கிழக்குக் கடல் அடங்கியிருக்கும், ஆனால் நீரேரிகள் கலங்கும், புழுதி பறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். பத்து விடியலில் எட்டு முகிலுக்குள் போகும். மிஞ்சுகிற இரண்டில் வருகிற வானத்தை வேறெந்த மாதத்திலும் பார்க்க முடியாது, அது வேறு கதை. மார்கழி, தையில் வாடைக்காற்று கிழக்குக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். அலை அடித்துத் தெறிக்கும் படம் வேண்டியவர்களுக்கு அதுவே காலம்.

மாசியில் பனி. "மாசிப்பனி மூசிப் பெய்யும்" என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை. அந்த நாட்களில் கடற்கரையை விட்டுவிட்டு வயல்வெளிக்குப் போங்கள். சூரியன் பனைகளுக்கு இடையில் சிவந்த தட்டுப் போல வரும், கண் கூசாது. பங்குனி, சித்திரையில் இரண்டு காற்றுக்கும் நடுவில் நீரேரி எண்ணெய் மாதிரிக் கிடக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மாசி, பங்குனி.

போன வருசம் ஆனியில எடுத்த இடத்தில மார்கழியில போய் நின்டன், சூரியனைக் காணேல்லை. ஏன்?

சூரியன் இடம் மாறிவிட்டது. நேர் கிழக்கில் எழுவது பங்குனி 20, புரட்டாதி 22 அளவில் மட்டும்தான். ஆனிக் கடைசிப் பகுதியில் அங்கிருந்து 24 பாகை வடக்கே தள்ளி எழும், மார்கழியில் அதே அளவு தெற்கே. இரண்டுக்கும் இடையில் 48 பாகை வித்தியாசம். கையை நீட்டி விரல்களை முழுதாக விரித்தால் பெருவிரல் நுனியிலிருந்து சின்னவிரல் நுனி வரை ஏறக்குறைய 20 பாகை. அப்படி இரண்டு சாணும் இன்னும் கொஞ்சமும்.

வல்வெட்டித்துறையில் இது நன்றாகத் தெரியும். அங்கே கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆனியில் கடலில் எழும் சூரியன் மார்கழியில் ஊருக்குள், வீடுகளுக்குப் பின்னால் எழும். பண்ணையிலும் அப்படித்தான்: ஆனியில் கோட்டைப் பக்கமாக வரும், மார்கழியில் குருநகர்ப் பக்கம் நீரேரிக்கு மேலாக விலகிப் போய்விடும். சூரியன் எழும் திசையைத் திகதி வாரியாகக் காட்டும் இலவசச் செயலிகள் போனில் கிடைக்கின்றன, முதல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குச் செக்கச்செவேலெண்டு தெரியுது, படத்தில வெள்ளைப் பொட்டுத்தான் வருது.

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கமரா படத்தின் மொத்த வெளிச்சத்தையும் சராசரி பார்க்கிறது. கீழே மணலும் கடலும் இருட்டாக இருப்பதால் வெளிச்சத்தைக் கூட்டுகிறது, சூரியன் வெளிறிப்போகிறது. போனில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தை அழுத்திப் பிடித்து, விரலைக் கீழே இழுத்து இருட்டாக்குங்கள். கமராவில் வெளிச்ச ஈடுசெய்தலை (எக்ஸ்போஷர் கொம்பென்சேஷன்) ஒன்று அல்லது இரண்டு படி குறையுங்கள். இருட்டாக எடுத்ததைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம். வெளிறிப்போன இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது.

இன்னொரு காரணம், நிறச் சமநிலையைத் (வைட் பலன்ஸ்) தானியங்கியில் விட்டிருப்பது. கமரா அந்தச் சிவப்பைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும். பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் வைத்துவிடுங்கள். இதையெல்லாம் செய்தும் வெள்ளையாகவே வந்தால் நேரம் பிந்திவிட்டது. அடிவானத்தில் இருக்கும்போது சூரிய ஒளி உச்சியில் இருப்பதைவிட 38 மடங்கு அளவு காற்றைக் கடந்து வருகிறது. நீல ஒளி வழியில் சிதறிவிட, சிவப்பு மிஞ்சுகிறது. முதலாம் கேள்வியில் சொன்னபடி நேரத்தோடு போனால் இந்தப் பிரச்சினையில் பாதி இல்லை.

செற்றிங்ஸ் மட்டும் சொல்லுங்கோ அண்ணை, மிச்சத்தை நான் பாக்கிறன்.

ஒரே அமைப்பு முழு விடியலுக்கும் பொருந்தாது. சூரியன் எழுவதற்கு அரை மணித்தியாலம் முன்பு: ட்ரைபொட், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸின் துளை எஃப்/8 முதல் எஃப்/11 வரை. ஷட்டர் பல வினாடிகள் திறந்திருக்கும். இரண்டு வினாடி ரைமர் வைத்தால் கை பட்டு ஆடாது. அலை இழுபட்டுத் திரும்பும் கோடுகள் தெரிய வேண்டுமென்றால் அரை வினாடியிலிருந்து இரண்டு வினாடி வரை முயன்று பாருங்கள். அதைவிட நீட்டினால் கடல் புகையாகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. ஆட்கள் இருந்தால் கதை வேறு: குறைந்தது 1/250 வினாடி, அதற்காக ஐ.எஸ்.ஓ. 800, 1600 என்று ஏற்றத் தயங்க வேண்டாம்.

கமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரோ (RAW) வடிவத்தில் எடுங்கள். இருட்டில் தானியங்கிக் குவியம் அலையும், தூரத்து வள்ளத்தின் விளக்கில் குவித்துவிட்டுக் கைமுறைக்கு மாற்றுங்கள். மணலில் ட்ரைபொட்டின் கால்களை முதலிலேயே அழுத்தி இறக்குங்கள், இல்லாவிட்டால் அலை வந்து போகும்போது தானாக இறங்கும்.

போய் நின்டா ஒரே முகில். திரும்பி வாறதோ?

எந்த முகில் என்று பாருங்கள். மேலே உயரத்தில் பஞ்சு பஞ்சாகவோ கீற்றாகவோ இருந்தால் அதைவிட நல்ல விடியல் இல்லை. சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே அவை அடியிலிருந்து வெளிச்சம் வாங்கிச் சிவக்கும். முகிலே இல்லாத வானம்தான் உண்மையில் சலிப்பு. வானம் முழுக்கச் சாம்பல் மூடியிருந்தால் நிறத்தை மறந்துவிடுங்கள்.

வடமராட்சியில் அடிக்கடி நடப்பது மூன்றாவது வகை. மேலே தெளிவு, கடல் விளிம்பில் மட்டும் தடித்த முகில் வரிசை. சூரியன் சொன்ன நேரத்துக்கு வராது. பத்து, பதினைந்து நிமிடம் கழித்து முகிலின் மேல் விளிம்பு தங்கம் பூசினாற்போல் எரியும், கதிர்கள் விரிந்து தெரியும். பலர் அதற்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிடுவார்கள். சூரிய உதயம் கழித்து அரை மணித்தியாலம் நில்லுங்கள்.

எல்லாரின்ர படமும் ஒரே மாதிரி, சூரியனும் கடலும். வித்தியாசமா என்ன எடுக்கிறது?

சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். சூரியன் எழுவதற்குச் சற்று முன்பு மேற்கு வானத்தில், அடியில் கருநீலமாக ஒரு பட்டை, அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை தெரியும். அந்தக் கருநீலம் பூமியின் சொந்த நிழல். ஆனையிறவு போல வெளியான இடத்தில் நின்றால் முழு நீளத்துக்கும் தெரியும். கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கிற யாரும் அதைக் கவனிப்பதில்லை. போயா நாட்களை ஒட்டி இன்னும் ஒரு லாபம் உண்டு: சூரியன் எழும் நேரத்தில் முழுநிலா மேற்கே இறங்கும். பண்ணையில் நீரேரிக்கு மேலே நிலா, உங்கள் பின்னால் விடியல்.

அப்புறம், வெளிச்சம் விழும் பொருள்கள். நல்லூரின் முன் கோபுரம் கிழக்கு நோக்கியது, காலை வெயில் அதன் முகத்தில்தான் முதலில் விழும். வீட்டு முற்றத்துப் பொங்கல் பானை, கோலத்தின் மேல் கிடக்கும் நீண்ட நிழல், தோட்டத்துக்கு நீர் இறைக்கும் குழாயில் தெறிக்கும் துளிகள். இவற்றுக்காகப் பருத்தித்துறை வரை போகத் தேவையில்லை.

பனைக்குப் பின்னால பெரிய சூரியன் வாற மாதிரிச் சிலர் எடுக்கினம். அது பொய்ப் படமோ?

பொய்யாக இருக்கத் தேவையில்லை, கணக்குத்தான். சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலம். நீங்கள் மரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ, அதில் ஏறக்குறைய 107இல் ஒரு பங்கு அகலத்துக்குச் சூரியன் அந்த மரத்தடியில் தெரியும். 30 மீற்றரில் நின்றால் சூரியன் ஒரு அடி கூட இல்லை, ஒரு நுங்குக் குலை அளவு. 300 மீற்றருக்குப் போனால் 2.8 மீற்றர். 600 மீற்றரில் 5.6 மீற்றர், பனையின் வட்டும் சூரியனும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும். அவ்வளவு தூரத்திலிருந்து எடுக்க 400 மில்லிமீற்றர் அளவு லென்ஸ் வேண்டும். போனில் முடியாது என்று மேலே சொன்னது இதைத்தான்.

இதே கணக்கை நல்லூருக்கும் போட்டுப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் வர நீங்கள் மேற்கே நிற்க வேண்டும், அந்தப் பக்கம் வீடுகளும் மின்கம்பிகளும். சூரியன் அவற்றைத் தாண்டி மேலே வரும்போது சிவப்புப் போய்விடும். சில நூறு மீற்றர் தள்ளி ஒரு மாடி வீட்டுக்காரரைத் தெரிந்திருந்தால் முயலலாம்.

சூரியனைப் பாத்து எடுத்தாக் கண்ணுக்கும் கமராவுக்கும் கேடு வராதோ?

வரும். கண்ணாடி வழியாக நேராகப் பார்க்கும் கமராவில் நீண்ட லென்ஸைப் போட்டுச் சூரியனைப் பார்க்கவே கூடாது, லென்ஸ் அந்த ஒளியைக் கண்ணுக்குள் குவித்துவிடும். பின்திரையைப் பாருங்கள். சிவந்து மங்கலாக இருக்கும் முதல் ஓரிரு நிமிடத்தில் உணரிக்குப் பெரிய ஆபத்தில்லை. பிரகாசம் ஏறிய பிறகு ட்ரைபொட்டில் சூரியனை நோக்கி நீண்ட லென்ஸோடு விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள்.

கடற்கரைக்குக் கொண்டுபோனா உப்புப் பிடிச்சுப் பழுதாகும் எண்டுகினம்?

வாடைக் காலத்தில் காற்றிலேயே உப்பு இருக்கும். லென்ஸுக்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, பையில் இரண்டு மெல்லிய துணிகள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் உடலைத் துடையுங்கள். ட்ரைபொட்டின் கால்களைக் கழற்றிக் கழுவுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். குளிரூட்டிய அறையில் படுத்து எழும்புகிறவர்களின் லென்ஸ் வெளியே வந்ததும் வியர்க்கும், பையை மூடியபடியே அரை மணித்தியாலம் வெளியில் வைத்துவிட்டுத் திறந்தால் சரி.

கரைவலை இழுக்கிற ஆக்களை எடுக்கலாமோ? பேசுவினமோ?

கேட்டுவிட்டு எடுத்தால் பேச மாட்டார்கள். வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுப்பது விடியலின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. ஆனால் அது அவர்களுடைய வேலை நேரம். முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய்க் கதையுங்கள், "ஐயா, படம் எடுக்கலாமா" என்றால் போதும். கயிற்றுக்குக் குறுக்கே நிற்காதீர்கள். மீன் படாத நாளில் முகத்துக்குக் கிட்டக் கமராவைக் கொண்டுபோகாதீர்கள்.

எடுத்த படத்தைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுங்கள். அச்சடித்து ஒரு படம் கொடுத்தால் அடுத்த முறை உங்களுக்காக வலை எத்தனை மணிக்கு ஏறும் என்று அவர்களே போனில் சொல்வார்கள். காசு கொடுத்து நிற்க வைத்து எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இழுக்கிற மாதிரி நடிக்கும் உடம்பு படத்தில் தெரிந்துவிடும்.

ட்ரோன் விடலாமோ? முகாம் பக்கம் பிரச்சினை வருமோ?

ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். பலாலி விமான நிலையத்தைச் சுற்றி அந்த நினைப்பே வேண்டாம். கரையோரத்தில் படை முகாம்கள் இருக்கின்றன, அவற்றின் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். கேட்டால் அடையாள அட்டையைக் காட்டி, எடுத்ததைக் காட்டுங்கள். முகமாலை, நாகர்கோவில் பக்கங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நடந்த நிலங்கள் உண்டு. சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருந்தால் எவ்வளவு வடிவான இடமென்றாலும் ரோட்டை விட்டு இறங்கவே வேண்டாம்.

பொம்பிளைப்பிள்ளையள் தனியப் போகலாமோ?

இருட்டோடு ஆளில்லாத கரைக்குத் தனியாகப் போவதை ஆணுக்கும் நான் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று பேராகப் போங்கள். பருத்தித்துறை முனை, பாசையூர் போன்ற இடங்களில் வெள்ளாப்பு நேரத்திலேயே மீன் வாங்க, விற்கச் சனம் வந்துவிடும், தொடங்க அவை நல்லவை. மணற்காட்டை வெளிச்சம் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். வழியில் எல்லாருக்கும் பொதுவான தொல்லை நாய்கள். வேகத்தைக் குறைத்துப் போங்கள், பிடித்து முறுக்கினால்தான் துரத்தும்.

கொம்பியூட்டரில நிறம் கூட்டுறது ஏமாத்துத்தானே?

ரோ வடிவத்தில் எடுத்தால் ஏதாவது செய்தே ஆக வேண்டும், அது வெளிறித்தான் வரும். நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த நேரம் பக்கத்தில் நின்ற ஒருவருக்குப் படத்தைக் காட்டினால் "ஓம், இப்பிடித்தான் இருந்தது" என்பாரா? கடல் ஊதாவாகவும் மணல் செம்மஞ்சளாகவும் ஆன படங்களுக்கு விருப்பங்கள் குவியலாம். பருத்தித்துறையில் பிறந்தவர் பார்த்தால் சிரிப்பார்.

இவ்வளவு கஷ்டப்பட்டு என்ன கிடைக்குது?

பணம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கலியாணப் படம் எடுக்கிறவருக்கு ஒரு நாளில் வருவது இதில் ஒரு வருடத்திலும் வராது. நல்ல படமே இல்லாமல் திரும்பும் நாட்கள்தான் அதிகம். ஆனால் ஊரை அது விழிக்கும் நேரத்தில் பார்க்கக் கிடைக்கிறது. எந்தக் காற்றுக்கு எந்தக் கரை அடங்கும், எந்த மாதம் பூநாரைகள் நீரேரிக்கு வரும் என்றெல்லாம் படிக்காமலே தெரிந்துவிடுகிறது. ஏழரை மணிக்கு மீன் சந்தையில் நின்று, அப்போதுதான் இறக்கிய மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் "எங்க போய் வாறாய்" என்று யாரும் கோபமாகக் கேட்க மாட்டார்கள்.

நெடுந்தீவில விடியல் எடுக்க ஏலுமோ?

ஏலும், ஆனால் காலையில் குறிகட்டுவானிலிருந்து படகு ஏறிப் போய் அல்ல. படகு அங்கே சேரும்போது வெயில் ஏறிவிடும். முதல் நாளே போய்த் தங்குங்கள். தீவின் கிழக்குக் கரைக்குப் போக ஓட்டோவையோ சைக்கிளையோ இரவே பேசி வையுங்கள். மட்டக்குதிரைகள் மேயும் வெளியைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சோழகம் பலமாக அடிக்கும் நாட்களில் படகு ஓடுமா என்று முதலில் விசாரியுங்கள்.